சாட்சியச் சட்டம், நீலக்காவின் குரலில்

நீலாம்பிகாவிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவளுக்குக் கோபம் வராது. வரவேண்டிய இடத்திலும் வராது. அவளுக்குச் சேரவேண்டிய கோபத்தையும் இத்தனை வருஷமாக நானே சேர்த்துப் பட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். சாந்தமாகக் கேட்கவேண்டுமென்றால் கொட்ரேசப்பாவிடம் போய்க் கேளுங்கள். அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அவருக்கு இதில் போனது ஒன்றுமில்லை.

என் பெயர் வாகீஷ். தாவணகெரேயில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளித்தான் அந்த ட்ரஸ்ட் இருக்கிறது. பார்வையில்லாத பிள்ளைகள் கல்லூரியில் படிப்பதற்காக நடத்தும் விடுதி. நீலக்கா அங்கே புத்தகம் படிப்பவள். பாடப் புத்தகங்களைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்வது அவள் வேலை. பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் பரீட்சை எழுதுகிறார்கள்.

அதற்கு முன்னால் அவள் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷன் ருத்ரப்பா வேலை பார்த்த பஞ்சாலையை மூடினார்கள். அவன் மண்டக்கி, அதாவது பொரி, வறுக்கும் பட்டறைக்குப் போய் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டு வந்தான். அப்போது வீட்டைத் தூக்கி நிறுத்தியது அந்த மைக்தான். ஹரிஹர், ராணெபென்னூர், சித்ரதுர்கா என்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஊர் ஊராகக் கூப்பிடுவாள். ஒருநாள் அவளை உட்கார வைத்து எல்லா ஊர்ப் பெயரையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். எண்களையும் சொல்லச் சொன்னார்கள். ஏதோ பாதுகாப்புக்காக என்று இவளும் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த மாதம் மெஷினே அறிவித்தது, இவள் குரலிலேயே. இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு இதைக் கேட்டபோது வயிறு எரிந்தது. இவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"நல்லாத்தான் கோத்திருக்காங்க வாகி. ஹரிஹர் மட்டும் கொஞ்சம் அவசரமா வந்து விழுது."

அவ்வளவுதான் அவள் வருத்தம்.

ட்ரஸ்டில் அவளுக்குக் கொடுத்தது பழைய கிடங்கு அறை. சுவரில் மெத்தையை ஆணியடித்து மாட்டியிருப்பார்கள். மெத்தை எவ்வளவு சத்தத்தைத் தடுக்கும்? பின்வீட்டு குக்கர், மழை, கோடையில் மின்விசிறி, எல்லாம் அவள் குரலுக்குப் பின்னால் கேட்கும். ஆனால் படிப்பதில் அவளைக் குறை சொல்ல முடியாது. முதலில் பாடத்தை மனசுக்குள் ஒருமுறை படித்துவிடுவாள். புரியாத இடம் வந்தால் என் கடைக்கு எதிரே இருக்கும் நோட்டரி வக்கீலிடம் போய் நின்று, அது எங்கே முடிகிறது, எங்கே மூச்சு விடவேண்டும் என்று கேட்டு வருவாள். ஒரு வார்த்தை பிசகினாலும் வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து படிப்பாள்.

"எதுக்கு அக்கா இவ்வளவு? ஒரு வார்த்தைதானே?" என்று ஒருதரம் கேட்டேன்.

"கண்ணு தெரிஞ்சவங்க சந்தேகம் வந்தா புத்தகத்தைப் புரட்டிப் பாத்துக்குவாங்க. இந்தப் பிள்ளைங்க எதைப் புரட்டும்? நான் சொன்னதுதான் புத்தகம்."

இனி கொட்ரேசப்பா. ட்ரஸ்டின் செயலாளர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, ஓய்வு பெற்றதை இன்னும் மன்னிக்காதவர். அவர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பதிவும் ஒரு முன்னுரையோடுதான் தொடங்கவேண்டும். 'மாண்புமிகு செயலாளர் கொட்ரேசப்பா அவர்களின் சீரிய தலைமையில்' என்று ஆரம்பித்து, கொடையாளர் பெயர்களை வரிசையாகச் சொல்லி, மடத்து ஆசீர்வாதத்தில் முடியும். ஒரு மிர்ச்சி பஜ்ஜியை நிதானமாகத் தின்று முடிக்கலாம், அவ்வளவு நீளம். அதையும் நீலக்காதான் படித்தாள். ஒருமுறை படித்ததை எல்லாப் பாடத்துக்கும் தலையில் ஒட்டிவிடச் சொன்னார். பாடத்தின் பெயரைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் ஃபைலின் பெயரில் இருக்கிறதே என்றார்.

நாகவேணி என்று ஒரு பெண். சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம். பிறவியிலேயே பார்வை இல்லை, வாய் மட்டும் இரண்டு பேருக்கு இருக்கும். அவள் சொல்வாள்: "அண்ணா, என் கல்யாணத்துக்கு ஐயர், சாமியார் யாரும் வேணாம். இந்த முன்னுரையை ஓட்டிவிட்டாப் போதும், தாலி தானா கழுத்துல ஏறிடும்."

அந்த வருஷம் நீலக்கா முடித்தது நாகவேணிக்கான சாட்சியச் சட்டம். கன்னடத்தில் அதைக் கேட்கும்படியாக யாரும் படித்து வைத்திருக்கவில்லை. அதைப் பதிவு செய்த ட்ரஸ்ட் கம்ப்யூட்டரிலேயே அவளது மற்றப் பதிவுகளும் இருந்தன. சரித்திரம், அரசியல், பி.எட்., சட்டத்தில் மற்றப் பாடங்கள், எல்லாம் ஒரே டிஸ்க்கில். இன்னொரு டிஸ்க் வாங்கி நகல் எடுத்து வையுங்கள் என்று நான் கேட்காத நாளில்லை.

"அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம்பா" என்பார் கொட்ரேசப்பா. அதே மாதம் வாசலில் கொடையாளர் பெயர் பொறித்த கருங்கல் வந்து இறங்கியது. கல்லுக்கு பட்ஜெட் உண்டு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. திறந்தால் பாதியில் நிற்கிறது, உள்ளே டக் டக் என்று சத்தம். கொட்ரேசப்பாவிடமிருந்து போன் வந்தது. தொடாதீர்கள், முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுக்கவேண்டும், அப்புறம்தான் பழுது பார்க்கவேண்டும், பூஜை முடிந்ததும் என் கடை டிஸ்க்கையே கொண்டுவருகிறேன் என்று சொன்னேன்.

"ஆயுத பூஜை அன்னிக்கு ஆயுதம் கெட்டுக் கிடக்கலாமா? இன்னிக்கே சரியாகணும்" என்றார்.

"நாளன்னிக்கு வரைக்கும் பொறுங்க சார்."

"சரி, சரி" என்று வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். "வாகீஷா, அதுவே கேக்குதுப்பா. பழுது பாக்கட்டுமா, ஆமாவா இல்லையான்னு. நான் ஆமான்னு போட்டுட்டேன். பாரு, உன்னை விட அதுக்கு அக்கறை ஜாஸ்தி."

செருப்பை மாட்டாமல் ஓடினேன். திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. பழுது பார்ப்பதென்றால், டிஸ்க்கில் எந்த ஃபைலின் எந்தத் துண்டு எங்கே கிடக்கிறது என்ற கணக்கை அழித்து மறுபடி எழுதுவது. வீடு மாறுகிற மாதிரிதான். தொடங்கிவிட்டால் முடிக்கவேண்டும். சாமான் பாதி நடுத்தெருவில் கிடக்கும்போது வண்டியை நிறுத்தினால் எதையும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் நிறுத்தாமல் விட்டேன். வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் 'வேலை நடக்கிறது, அணைக்காதீர்கள்' என்று எழுதித் திரைக்கு மேலே ஒட்டினேன். அவரிடம் வாயாலும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் என் கடைப் பூஜையை முடித்துவிட்டு நேரே அங்கே போனேன். வாசலில் குங்குமம் தடவிய பூசணிக்காய் உடைந்து கிடந்தது. உள்ளே கம்ப்யூட்டருக்கு மாலை. திரை இருட்டு. என் தாளுக்கு மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமப் பொட்டு, ஓரத்தில் ஒரு செவ்வந்திப் பூ. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி ஒரு பித்தளைத் தட்டில் வைத்திருந்தார்கள். பிளக்கின் கால்களுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

"இதை யார் சார் அணைச்சது?"

"நான்தான். ஏன்?"

"தாள் ஒட்டியிருந்தேனே."

"பாத்தேன்பா. அதுக்குத்தான் முதல் விபூதி."

"படிச்சீங்களா?"

"பூஜை நாள்ல ஆயுதத்தை வேலை வாங்கக் கூடாதுடா. வருஷம் பூரா உழைக்குது, ஒருநாள் ஓய்வு குடுக்க வேணாமா? ஓடிட்டு இருக்கிறதுக்கு எப்படி மங்களாரத்தி காட்டுறது? உனக்கு இந்தச் சம்பிரதாயமெல்லாம் தெரியாது."

"எனக்குத் தெரியாது சார். டிஸ்க்குக்கும் தெரியாது."

என் கையில் பிரசாதத்தை வைத்தார். அந்தப் பேடாவை நான் தின்னவில்லை. இதைச் சொல்லும்போதுகூட அந்தப் பொட்டு வைத்த பிளக் என் கண்ணில் நிற்கிறது. நான் பூஜைக்கு விரோதி இல்லை. என் கடையில் ஸ்க்ரூடிரைவருக்குக்கூட எலுமிச்சம்பழம் வைக்கிறவன் நான். ஆனால் ஆபரேஷன் மேஜையில் வயிற்றைத் திறந்து படுத்திருப்பவனுக்கு இன்று நல்ல நாள், எழுந்து கும்பிட்டுக்கொள் என்று எந்தச் சாமி சொல்லும்?

கம்ப்யூட்டரைத் திறந்தால், உள்ளே ஒரு ஃபைலும் இல்லை. நீலக்கா என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பூஜைக்காகப் புதுப் புடவை கட்டி வந்திருந்தாள்.

"என்ன வாகி, ஒண்ணும் காணோம்?"

"இருக்கும் அக்கா. தேடணும்."

டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், இருக்கிற வித்தையெல்லாம் காட்டினேன். தொலைந்ததைத் தேடியெடுக்கும் மென்பொருள் டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் தடவி, குரல் மாதிரி தெரிந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது. ஆனால் பெயர் எதற்கும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண்கள். ஒவ்வொன்றையும் திறந்தால் 'மாண்புமிகு செயலாளர் கொட்ரேசப்பா அவர்களின்'. அடுத்ததைத் திறந்தால் மறுபடி மாண்புமிகு. எது சரித்திரம், எது சட்டம் என்று தெரிய அந்த மனிதரின் சீரிய தலைமை முழுவதையும் தாண்டிப் போகவேண்டியிருந்தது.

கொட்ரேசப்பா வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு ஃபைலாக அழுத்தச் சொன்னார். தன் பெயர் வந்ததும் கையைத் தூக்கி, "நல்லாயிருக்கு, அடுத்தது" என்றார். அப்படியே எல்லாவற்றையும் பார்த்து முடித்தார்.

"எல்லாம் வந்தாச்சே! நீ என்னமோ உலகம் முங்கின மாதிரி கத்தினியே?"

"சார், இது ஆரம்பம் மட்டும்தான். உள்ள துண்டு மாறி ஒட்டியிருக்கும். முழுசா ஒப்பிட்டுப் பாக்காம சொல்ல முடியாது."

"குரல் நீலம்மாவோடதுதானே? சைஸ் சரியா இருக்குதானே? அப்புறம் என்னத்த ஒப்பிடறது?"

நான் சொன்னது மறுநாளே நடந்தது. நாகவேணி காதில் மாட்டிக்கொண்டு, மீட்டெடுத்த சாட்சியச் சட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்; நானும் நீலக்காவும் பக்கத்தில் இருந்தோம். அவர்கள் எல்லோரும் நம்மைப்போல் மெதுவாகக் கேட்பதில்லை, குரலை வேகமாக ஓடவிட்டுக் கேட்பார்கள். திடீரென்று நிறுத்தினாள்.

"அக்கா, சாகப் போறவங்க சொல்ற வாக்குமூலம் எழுத்துல இல்லன்னா செல்லாதா?"

"யார் சொன்னது?"

"நீங்கதான். கேளுங்க."

கேட்டோம். 'சாகும் தறுவாயில் ஒருவர் தம் மரணத்தின் காரணம் குறித்துச் சொன்னது சாட்சியமாகும். அது' என்று நீலக்காவின் குரல் நிதானமாகச் சொன்னது. உடனே, மூச்சுகூட மாறாமல், 'எழுத்தில் இல்லையென்றால், பதிவு செய்யப்படவில்லையென்றால், செல்லாது' என்றது. இரண்டாவது பாதி வாடகைப் பத்திரம் பற்றிய பாடம். சொத்துச் சட்டத்திலிருந்து வந்து இங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. குரல் ஒன்று, வேகம் ஒன்று, நிறுத்தம் ஒன்று. ஒட்டு தெரியவே இல்லை.

நீலக்கா அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினாள். "நான் இப்படிப் படிக்கலையே வாகி. வாயால சொன்னதே எடுத்துக்குவாங்கன்னுதானே புத்தகத்துல இருக்கு. நான் சரியாத்தானே படிச்சேன்."

"நீங்க சரியாத்தான் படிச்சீங்க அக்கா."

"அப்ப இது?"

நாகவேணிதான் கண்டுபிடித்தாள். "அந்த 'அது'வுக்கு அப்புறம் மழை நின்னு ஃபேன் சத்தம் வருது பாருங்க. ரெண்டும் வேற வேற நாளு."

அங்கிருந்து தொடங்கியது எங்கள் வேலை. ஒப்பிடுவதென்றால் ஒப்பிட இன்னொன்று வேண்டும். பிள்ளைகளிடம் போன்களிலும் மெமரி கார்டுகளிலும் முன்னால் வாங்கிப்போன பாடங்கள் சிதறிக் கிடந்தன. நாகவேணி எல்லோரையும் விரட்டி விரட்டிக் கார்டுகளை வாங்கினாள். நகல் கிடைத்த பாடங்களில் கஷ்டமில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஒன்றா வேறா, எங்கே பிரிகிறது என்று மென்பொருளே காட்டிவிடும். பாதிக்கு மேல் வேறாகத்தான் இருந்தன. பழையதை எடுத்து வைத்துக்கொண்டு புதியதைத் தள்ளினோம். சரித்திரத்தில் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கபட்டணத்தில் சண்டை போட்டுக்கொண்டே குழந்தையின் கற்றல் திறனுக்குப் போய்விட்டார். அதைக் கேட்டு விடுதியே சிரித்தது. சிரிக்கிற தப்பு நல்ல தப்பு, எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

சாட்சியச் சட்டத்துக்குத்தான் நகல் யாரிடமும் இல்லை. அது புதுசு. அதற்கு ஒப்பிட இருந்தது புத்தகமும் காதும். நீலக்கா புத்தகத்தை விரித்து வரி வரியாக விரல் வைத்துக்கொண்டு போவாள். நாகவேணி பின்சத்தத்தைக் கேட்பாள். "இங்க குக்கர் பாதி விசில்ல அறுந்துபோச்சு." "இங்க காக்கா போயிடுச்சு." அந்த இடத்தில் நிறுத்தி நீலக்கா புத்தகத்தைப் பார்ப்பாள். அறுந்த துண்டின் மிச்சத்தை நான் எண் போட்ட ஃபைல்களுக்குள் தேடுவேன். கிடைத்தால் ஒட்டுவேன், கிடைக்காவிட்டால் அவள் மறுபடி படிப்பாள். ருத்ரப்பாவுக்கு வீட்டில் இருமல் தாங்கவில்லை. சமைத்து வைத்துவிட்டு ஓடி வந்து படித்தாள். படிக்கும்போது ஒருநாள்கூட அலுப்பு அவள் குரலில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

இதற்குள் கொட்ரேசப்பா, கர்நாடக மாநிலம் உருவான நாளான ராஜ்யோத்சவத்துக்கு விழா ஏற்பாடு செய்துவிட்டார். பிள்ளைகளுக்குப் பென்டிரைவில் 'மீட்கப்பட்ட ஒலி நூலகம்' வழங்கும் விழா. அவர் பென்டிரைவில் போட்டது அந்த எண் போட்ட ஃபைல்களை. தன் பெயரைக் கேட்டுக் கேட்டு நல்லாயிருக்கு என்று சொன்ன அதே ஃபைல்களை. யாரோ ஒருவன் வேலை மெனக்கெட்டு ஒவ்வொன்றுக்கும் தோராயமாகப் பெயரும் வைத்திருந்தான்.

நீலக்கா அவர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"சார், அதைக் குடுக்காதீங்க. கொஞ்சம் பொறுத்தா சரியானதைக் குடுத்துடலாம்" என்றாள்.

"தேதி குடுத்தாச்சு நீலம்மா. எம்.எல்.ஏ. வர்றாரு."

"தப்பா இருக்குங்க சார். சட்டம் மாறிப்போயிருக்கு."

"எங்கயோ ஒரு இடம் மாறியிருக்கும். பிள்ளைங்க என்ன முட்டாளா, தெரிஞ்சுக்க மாட்டாங்களா?"

"எப்படி சார் தெரிஞ்சுக்கும்?" என்று நான் கேட்டேன். "எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கும்?"

"ஏய், உன் வேலையைப் பாரு. டிஸ்க்கைக் கெடுத்தவன் நீ."

அன்றைக்கு நான் மேஜையைத் தட்டினேன். நீலக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்றால், அந்தச் சோற்றை இவளையே பரிமாறச் சொல்கிறார். விழாவில் அவள் தலையில் மைசூர் பேட்டா தலைப்பாகை வைத்து சால்வையும் போட்டார்கள். 'நம் நீலம்மாவின் இனிய குரல்' என்று எம்.எல்.ஏ. பேசினார். தலையில் பேட்டாவோடு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள். விழா முடிந்த கையோடு விடுதியில் ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் பென்டிரைவைத் திருப்பி வாங்கினாள். நாங்கள் சரிபார்த்ததை அதில் ஏற்றிக் கொடுத்தோம். அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. ஜகளூர், ஹொசதுர்கா, ஹரபனஹள்ளி என்று வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் பென்டிரைவ் தபாலில் போயிருக்கிறது. விழாவுக்கு முன்னாலேயே போய்விட்டது, மேடையில் 'பல தாலூக்காக்களுக்கு வழங்கினோம்' என்று சொல்வதற்காக. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நீலக்கா விலாசம் கேட்டாள். போன் நம்பராவது கேட்டாள்.

"கேட்டு?" என்றார் கொட்ரேசப்பா.

"தப்புன்னு சொல்லணும் சார்."

"நம்ம ட்ரஸ்ட்டு குடுத்ததை நாமளே தப்புன்னு சொன்னா மானம் என்ன ஆகறது? கொடையாளர்ங்க என்ன நினைப்பாங்க? எவனாவது கேட்டா அப்ப பாக்கலாம், போம்மா."

கேட்டால் பார்க்கலாமாம். தப்பு என்று தெரிந்தால்தானே கேட்பான்! அவளுக்குத் தெரிந்த சில பேருக்கு அவளே போன் செய்தாள். மற்றவர்களை எங்கே போய்த் தேடுவது? மறுபடி மறுபடி அந்த அறை வாசலில் போய் நின்றாள். ஒவ்வொரு தடவையும் வேறொரு காரணம். பரீட்சையும் வந்தது, போனது. நாகவேணி நல்லபடியாக எழுதினாள். ரிசல்ட் வந்த அன்று எனக்கு அரை கிலோ வெண்ணெய் பிஸ்கட் வாங்கிவந்து, "அண்ணா, முன்னுரை இல்லாம தின்னுங்க" என்று கொடுத்தாள்.

அதே வாரம் ஒரு பகல் வேளையில் நீலக்கா என் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. தெரியாத நம்பர். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீலக்காதானே? குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுடுச்சு அக்கா. நான் ஜகளூர் மைலாரி. ஹாஸ்டல்ல உங்க நம்பர் வாங்கினேன். நானும் சட்டம்தான், கடைசி வருஷம்."

"சொல்லுப்பா மைலாரி."

"சாட்சியச் சட்டத்துல போயிடுச்சு அக்கா. மத்ததெல்லாம் பாஸ்."

நீலக்கா என்னைப் பார்த்தாள். நான் கையில் இருந்ததைக் கீழே வைத்தேன்.

"மரண வாக்குமூலம் பத்திக் கேட்டிருந்தாங்க. நீங்க படிச்சதை அப்படியே, ஒரு வார்த்தை விடாம சொல்லி எழுத வெச்சேன். எழுதிக் குடுக்க வந்த பையன்கூட, இது சரியாடான்னு கேட்டான். நான் அவனைத் திட்டினேன். இப்ப எங்க வாத்தியாரும் தப்புங்கறாரு. சண்டை போட்டுட்டேன் அக்கா. வாத்தியார் தப்பா சொல்லுவாரு, நீலக்கா தப்பா படிக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டேன். மறுமதிப்பீட்டுக்குப் போட்டிருக்கேன். அந்தப் புத்தகத்துல எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க, அவங்க மூஞ்சியில காட்டணும்."

பையன் குரலில் அத்தனை சந்தோஷம். ஜெயிக்கப் போகிறவன் குரல்.

நீலக்கா போனைக் கையில் ஏந்திக்கொண்டு எழுந்தாள். கடையை விட்டு இறங்கி நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். நேரே கொட்ரேசப்பாவின் அறை. மேஜையில் அவருக்கு முன்னால் போனை வைத்தாள்.

"பையன் லைன்ல இருக்கான் சார். பக்க எண் கேக்கறான். சொல்லுங்க."

"யாரு?"

"நீங்க தபால்ல அனுப்பினீங்களே, அதுல ஒருத்தன்."

"ஹலோ? அக்கா? இருக்கீங்களா?" என்றது போன்.

கொட்ரேசப்பா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சம்பிரதாயம் சொல்கிற வாய்.

நீலக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து போனிடம் பேசினாள்.

"மைலாரி, வாத்தியார் சொன்னதுதான்பா சரி. அவர்கிட்ட போய் மன்னிப்புக் கேட்டுக்க. சாகறவங்க வாயால சொன்னாலும் செல்லும்."

மைலாரி மெதுவாகக் கேட்டான்: "நீங்கதானே அக்கா படிச்சது?"

டிஸ்க் என்று சொல்லியிருக்கலாம். பூஜை என்று சொல்லியிருக்கலாம். எதிரே உட்கார்ந்திருந்த ஆளின் பெயரைச் சொல்லியிருக்கலாம். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன், சொல்லு, சொல்லு என்று.

"ஆமாப்பா" என்றாள். "நான் தப்பா படிச்சுட்டேன். நான் படிச்சதை எல்லாம் அழிச்சுடு. புதுசு அனுப்பறேன்."

போனை வைத்தாள். கொட்ரேசப்பாவின் பக்கம் கையை நீட்டினாள். அவர் இழுப்பறையிலிருந்து விலாசங்களை எடுத்துக் கொடுத்தார். அவர் எதிரிலேயே உட்கார்ந்து, அவர் மேஜை போனிலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லோரிடமும் அதையேதான் சொன்னாள்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். "ஏன் அக்கா உங்க மேல போட்டுக்கிட்டீங்க? உங்க தப்பு இதுல என்ன இருக்கு?"

"டிஸ்க்குல கோளாறுன்னு சொன்னா, இது நல்லாயிருக்கும், அது நல்லாயிருக்கும்னு பாதியை வெச்சுக்குவாங்க வாகி. நானே தப்புன்னாத்தான் முழுசா அழிப்பாங்க."

அப்படியே அழித்தார்கள். சிலர் அவள் முன்னால் படித்துக் கொடுத்த நல்ல புத்தகங்களையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். புதுசை அனுப்பினோம். அதைக் கேட்பதற்கு முன்னால் யாரையாவது கூப்பிட்டு, புத்தகத்தோடு ஒருமுறை சரிபார்த்துச் சொல்லச் சொல்கிறார்களாம். நீலக்கா குரல்தானே, எதுக்கும் பாத்துடுங்க என்று.